லென்ஸும் ஒரு சுட்டுச்சொல்: களப்படங்களில் நாம் எழுதாமல் விடும் தூரம்

ஒலியியல் ஆய்வேடு ஒன்றைப் புரட்டினால், ஆய்வு முறையை விளக்கும் இயலில் ஒரு பத்தியைப் பெரும்பாலும் காணலாம். பதிவுக்குப் பயன்பட்ட மைக்கின் வகை, பேசுநரின் உதட்டிலிருந்து அது வைக்கப்பட்ட தூரம், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கு, பதிவு நிகழ்ந்த அறையின் தன்மை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். தூரத்தை ஏன் எழுதுகிறோம்? திசைசார் மைக்கை வாய்க்கு மிக அருகில் கொண்டுசென்றால் தாழ் அதிர்வெண்கள் மிகைப்பட்டுப் பதிவாகும். தூரம் அறியாத வாசகர் அந்த மிகையைப் பேசுநரின் குரலியல்பு என்றே கொண்டுவிடக்கூடும். கருவியின் இயல்பைப் பேசுநரின் இயல்பிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆய்வாளரின் கடமை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அது நல்ல பாடம்.

அதே ஆய்வேட்டின் பின்னிணைப்புக்குச் செல்லுங்கள். அங்கே இருபது முப்பது ஒளிப்படங்கள் இருக்கும். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர், சந்தையில் பேரம் பேசும் பெண், கடைத்தெருவின் பெயர்ப்பலகைகள், ஏட்டுச்சுவடியின் ஓர் ஏடு. ஒவ்வொன்றின் கீழும் "படம் 7: தகவலாளர் ஒருவர்" என்ற அளவில் ஒரு வரி. எந்த லென்ஸால் எடுக்கப்பட்டது, எடுத்தவர் எவ்வளவு தொலைவில் நின்றார், படம் ஓரங்களில் வெட்டப்பட்டதா, படத்தில் இருப்பவர் தாம் படமெடுக்கப்படுவதை அறிந்திருந்தாரா? இவற்றுள் ஒன்றைப் பற்றியும் ஒரு சொல் இராது. மைக்கின் தூரத்தைச் சென்டிமீட்டரில் எழுதும் நாம், கேமராவின் தூரத்தை மீட்டரில்கூட எழுதுவதில்லை.

இதை அழகியல் சார்ந்த சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. ஆய்வேட்டில் இடம்பெறும் படம் அலங்காரமாக இருந்தால் அதை நீக்கிவிடலாம். சான்றாக இருந்தால் அதன் கருவியைச் சொல்லியாக வேண்டும். லென்ஸ் என்பது அந்தச் சான்றின் இலக்கணம். மொழியியல், மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல், வரலாறு ஆகிய துறைகளில் பயிலும் நண்பர்களை மனத்தில் கொண்டு இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கருவியின் இயல்பைப் பார்ப்போம். கழற்றி மாற்றக்கூடிய லென்ஸ்களின் மேல் 24, 35, 50, 85, 200 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது குவியத் தொலைவு. எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் காணும் கோணம் அகலும். பெரிதாக இருந்தால் கோணம் குறுகும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய சென்சாரை ஃபுல் ஃபிரேம் என்கிறோம். அதில் மூலைக்கு மூலை அளந்தால் 24 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 84 பாகையைக் காணும், 50 மி.மீ. லென்ஸ் 47 பாகையை, 200 மி.மீ. லென்ஸ் வெறும் 12 பாகையை. மாணவர்களிடம் பரவலாக உள்ள ஏ.பி.எஸ்.-சி வகைக் கேமராக்களில் சென்சார் சிறியது. ஆகவே லென்ஸின் எண்ணை 1.5 ஆலோ (கேனன் எனில் 1.6 ஆலோ) பெருக்கிக் கொண்டால் ஃபுல் ஃபிரேமுக்கு இணையான எண் கிடைக்கும்.

இந்த எண்ணை ஆய்வாளருக்குப் பயன்படும் மொழியில் பெயர்த்துக்கொள்ள ஓர் எளிய கணக்கு உண்டு. கேமராவை நெடுக்காகப் பிடித்து, நிற்கும் ஒருவரைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம் விட்டு எடுக்கிறோம் என்று கொள்வோம். சட்டகத்துள் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் அடங்க வேண்டும். அப்போது லென்ஸின் எண்ணை 18 ஆல் வகுத்தால் நாம் நிற்க வேண்டிய தூரம் மீட்டரில் வரும். 24 எனில் 1.3 மீட்டர், 35 எனில் ஏறத்தாழ 2 மீட்டர், 50 எனில் 2.8 மீட்டர், 85 எனில் 4.7 மீட்டர், 200 எனில் 11 மீட்டர், 400 எனில் 22 மீட்டர். படத்தில் அம்மனிதரின் உயரம் எல்லாவற்றிலும் ஒன்றே. மாறுவது அவருக்கும் நமக்கும் இடையிலான நிலம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். அகலக்கோண லென்ஸ் முகத்தைத் திரிக்கிறது, டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கறாராகச் சொன்னால், ஒரு காட்சியில் அருகிலும் தொலைவிலும் உள்ள பொருள்களின் ஒப்பீட்டளவைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடமே. நுனிமூக்குக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. ஆழம் என்று கொள்வோம். 30 செ.மீ. தொலைவிலிருந்து எடுத்தால் காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும், காதோடு ஒப்பிட மூக்கு 40 விழுக்காடு மிகைப்பட்டுத் தோன்றும். ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த மிகை 8 விழுக்காடுதான். லென்ஸ் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. எனினும் சட்டகத்தை நிரப்ப வேண்டும் என்ற இயல்பான விழைவு, அகலக்கோண லென்ஸோடு செல்பவரை அருகில் தள்ளுகிறது. டெலி லென்ஸோடு செல்பவரை எட்டத்தில் நிறுத்துகிறது. லென்ஸ் நம் கால்களுக்கு இடும் கட்டளையே படமாகிறது.

மொழியியல் பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று. ஒரு சொல்லின் பொருள், பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சார்ந்திருந்தால் அதைச் சுட்டு என்கிறோம். தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டாகக் கொள்கிறது. இது அண்மை, அது சேய்மை, உது இடைமை. தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட, யாழ்ப்பாணத் தமிழ் அதைப் பேணி வருகிறது. "அவர் வந்தார்" என்பதையும் "இவர் வந்தார்" என்பதையும் கேட்பவர், வந்தவரைப் பற்றி மட்டுமன்றிச் சொல்பவரின் இடத்தைப் பற்றியும் அறிந்துகொள்கிறார். ஒளிப்படமும் அவ்வாறே. 24 மி.மீ. லென்ஸால் நெருங்கி எடுத்த முகம் "இவர்" என்கிறது, 400 மி.மீ. லென்ஸால் எட்ட நின்று பறித்த முகம் "அவர்" என்கிறது. சட்டகத்தை நிரப்பும் முகம் என்ற அளவில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால், எது "இவர்", எது "அவர்" என்பதை வாசகரால் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. சுட்டெழுத்தை அழித்துவிட்டு வாக்கியத்தை அச்சிடுவதற்கு இது ஒப்பாகும்.

இனி லென்ஸ் வகைகளை ஒவ்வொன்றாக, அவை ஆய்வில் செய்யும் வேலையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அகலக்கோண லென்ஸ்கள் (பொதுவாக 35 மி.மீ.க்கும் அதற்குக் கீழும்) சூழலை உள்ளே அழைப்பவை. குயவர் ஒருவரை அவருடைய சக்கரம், சூளை, பின்னால் விளையாடும் பேரப்பிள்ளைகள் ஆகியோரோடு சேர்த்துக் காட்ட வேண்டுமெனில் வேறு வழியில்லை. சிறிய அறைகளில் பின்வாங்க இடமில்லாதபோதும் இவையே துணை. ஆனால் சட்டகத்தின் ஓரத்தில் நிற்பவரின் உடல் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். அருகில் உள்ள கை பூதாகரமாகும். சைகைமொழி ஆய்வுக்கு இது நேரடியான இடர். சைகைமொழியில் கை உடலிலிருந்து எவ்வளவு முன்னால் வருகிறது, எந்த இடத்தைச் சுட்டுகிறது என்பவை இலக்கணக் கூறுகள். செல்பேசியை ஒரு மீட்டருக்குள் வைத்துப் பதிவுசெய்தால், முன்னோக்கி நீளும் கை தன் இயல்பளவைவிட வெகுவாகப் பெருத்துவிடும். அங்கே இலக்கணம் எது, லென்ஸ் எது? இந்தியச் சைகைமொழிக்கென 2015இல் தில்லியில் ஓர் ஆய்வு, பயிற்சி மையமே தொடங்கப்பட்ட பிறகும், மாணவர்களின் பதிவுகளில் கேமராவின் தூரம் குறிக்கப்படுவது அரிதாகவே என் கண்ணில் படுகிறது.

மீன்விழி லென்ஸ் அகலக்கோணத்தின் உச்சம். 180 பாகையை ஒரு வட்டத்துள் அடக்கும். கல்யாண வீடியோக்களின் வேடிக்கைக் கருவியாக அறியப்பட்ட இதற்கு அறிவியலில் மதிப்புமிக்க இடம் உண்டு. காட்டுத் தரையில் வானை நோக்கி வைத்து எடுத்தால், இலைக்கூரை எவ்வளவு வானை மறைக்கிறது, எவ்வளவு ஒளி கீழே இறங்கும் என்பதைக் கணக்கிடலாம். சூழலியலார் இந்த லென்ஸின் திரிபைச் சமன்பாடாக எழுதி வைத்துக்கொண்டே அளக்கிறார்கள். திரிபு தீமையாவது அது சொல்லப்படாதபோதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

50 மி.மீ. லென்ஸை இயல்பு லென்ஸ் என்று அழைக்கும் மரபு உண்டு. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ.; அதற்கு நெருங்கிய குவியத் தொலைவு மிகையின்றித் தோன்றும் காட்சியைத் தருகிறது. 1947-48இல் இந்தியாவில் பயணம் செய்து, காந்தியின் இறுதி நாள்களையும் இறுதி ஊர்வலத்தையும் பதிவுசெய்த ஆன்றி கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் இந்த ஒரு லென்ஸைக் கொண்டே பணியாற்றியவர். மேலும் எஃப் 1.8 துளை அளவுடைய 50 மி.மீ. லென்ஸ், பல நிறுவனங்களின் பட்டியலில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. கேமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸ் அதே கோணத்தில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். இரண்டுக்கும் இடையே ஒளியில் ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு. மாலையில் அரிக்கேன் வெளிச்சத்தில் கதை சொல்லும் பாட்டியின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காமல் படமெடுக்க இந்தப் பத்து மடங்கு உதவும்.

ஆனால் அகலத் திறந்த துளைக்கும் ஒரு விலை உண்டு. தெளிவாக விழும் ஆழம் குறைந்து, பின்னணி மங்கிவிடும். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து எடுத்த முகங்கள் கண்ணைக் கவர்வதற்கு இதுவே காரணம். கல்யாணப் படக்காரர்களும் பத்திரிகைப் படக்காரர்களும் இந்த லென்ஸை விரும்புவது நியாயமே. முகம் திரியாது, எடுப்பவர் ஏறி மிதிக்காத தூரத்தில் நிற்கலாம். உதட்டுக் குவிவையோ தாடை அசைவையோ ஆராய வேண்டிய ஒலியியலாருக்கும் 85 முதல் 100 மி.மீ. வரையிலான லென்ஸ் உகந்தது. ஆனால் சமூகவியல் ஆய்வேட்டில் பின்னணி மங்கிய முகம் வேறொன்றைச் செய்கிறது. பேசுபவரை அவருடைய தெருவிலிருந்தும் வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் அறுத்துத் தனியே நிறுத்துகிறது. சூழலோடு சேர்த்தே மொழியை ஆராய்கிறோம் என்று முன்னுரையில் எழுதிவிட்டு, படத்தில் சூழலைக் குழைத்து அழித்துவிடுவது முரண்.

மேக்ரோ லென்ஸ், பொருளைச் சென்சாரின் மேல் அதன் உண்மை அளவிலேயே விழச் செய்யும். பூச்சிக்கும் மகரந்தத்துக்கும் மட்டும் உரியது என்று கருத வேண்டாம். ஏட்டின் கீறல், நாணயத்தின் எழுத்து, செப்பேட்டின் ஓர் எழுத்தில் உளி திரும்பிய இடம் ஆகியவற்றைக் காண இதுவே கருவி. கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுக்கும்போது தாள் கல்லோடு ஒட்டிக்கிடக்கிறது. தூரம் சுழியம், ஆகவே தொலைவினால் வரும் திரிபும் இல்லை. அந்த நேர்மைக்கு மிக அருகில் வரும் ஒளிப்படக் கருவி, தாங்கியில் நிறுத்திச் சுவடிக்கு இணையாகப் பிடித்த மேக்ரோ லென்ஸ்தான். செல்பேசியைக் கையில் பிடித்து ஒரு சாண் உயரத்திலிருந்து எடுத்த ஏட்டில் சிறு சாய்வும் பெரிதாகத் தெரியும், நேர்வரிகள் வளையும், ஒரு முனையின் எழுத்து மறுமுனையின் எழுத்தைவிடப் பெரிதாகும். எழுத்தின் வடிவ அளவைக் கொண்டு காலம் கணிக்க முனையும் மாணவருக்கு இது விளையாட்டன்று.

கட்டடங்களுக்கென்று டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் உண்டு. உயர்ந்த கட்டடம் ஒன்றைக் கீழிருந்து எடுக்கக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், நேர்க்கோடுகள் மேலே குவியும். இந்த லென்ஸ், கேமராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் மேலே நகர்த்திக் காட்சியை உள்ளடக்குகிறது. இதன் தேவையை உணரக் குதுப் மினாரை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 73 மீட்டர் உயரம்; அடியில் 14 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டம், உச்சியில் மூன்று மீட்டருக்கும் குறைவு. அது உண்மையிலேயே மேல்நோக்கிக் குறுகும் கட்டடம். அருகில் நின்று கேமராவைச் சாய்த்து எடுத்த படத்தில், கட்டியவரின் குறுக்கம் எவ்வளவு, கேமராவின் குறுக்கம் எவ்வளவு என்பதைப் படத்தை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. எங்கே நின்று, எந்த லென்ஸால் எடுத்தோம் என்ற இரண்டு எண்களோடு கேமராவின் சாய்வையும் குறித்துவைத்தால் கணக்கிட்டுவிடலாம்.

இனி டெலி லென்ஸ். இங்கேதான் என் முதன்மையான மனக்குறை இருக்கிறது.

2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கேன்பிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு ஒளிப்படக் கலைஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பொதுவெளியில் ஒன்றுகூடியிருந்த மக்களை ஒரே நேரத்தில் அகலக்கோண லென்ஸாலும் டெலி லென்ஸாலும் எடுத்தார்கள். முதல் வகைப் படங்களில் மக்கள் போதிய இடைவெளி விட்டு நிற்கிறார்கள். இரண்டாம் வகைப் படங்களில் அதே மக்கள் தோளோடு தோள் உரசி நிற்பதுபோல் தோன்றுகிறார்கள். எந்தப் படமும் திருத்தப்படவில்லை. ஆனால் ஒன்று கட்டுப்பாடுள்ள குடிமக்களையும் மற்றது பொறுப்பற்ற கூட்டத்தையும் காட்டுகிறது. அரசு அபராதம் விதிப்பதற்கும், தொலைக்காட்சி ஒரு பேட்டையின் மக்களைப் பழிப்பதற்கும் இத்தகைய வேறுபாடே போதும்.

நம் துறைக்குள் இதற்கு இணையான ஒன்றைச் சொல்கிறேன். பொதுவெளியில் உள்ள பெயர்ப்பலகைகளின் மொழியை ஆராயும் மொழி நிலத்தோற்ற ஆய்வு, லாண்ட்ரி, பூரி ஆகியோரின் 1997ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் பெருவளர்ச்சி கண்ட துறை. ஐதராபாத்தின் சார்மினாரைச் சுற்றிய கடைத்தெருக்களில் தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய மூன்றும் பலகைகளில் உண்டு. தெருவின் ஒரு முனையில் நின்று 200 மி.மீ. லென்ஸால் எடுத்தால், கடைக்குக் கடை விலகி நிற்கும் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுப் பன்மொழிக் காடாகத் தோன்றும். தெருவின் நடுவில் நின்று 24 மி.மீ. லென்ஸால் எடுத்தால், அதே தெருவில் அருகிலிருக்கும் ஒரு மொழியின் பலகை பேருருக் கொள்ளும். ஏனையவை தொலைவில் சிறுத்துவிடும். ஒருவர் "செறிந்த பன்மொழித்தன்மை" என்று எழுதுவார். மற்றவர் "ஒரு மொழியின் மேலாதிக்கம்" என்று எழுதுவார். இருவரும் படத்தைச் சான்று காட்டுவார்கள். பலகைகளை எண்ணிக் கணக்கிட்ட அட்டவணை இருந்தாலும், வாசகரின் நினைவில் தங்குவது படம்தான்.

காட்சித் திரிபோடு நின்றிருந்தால் இதை முறையியல் சிக்கல் என்று மட்டுமே சொல்லியிருப்பேன். டெலி லென்ஸ் ஒப்புதலையும் கடந்து செல்ல வல்லது. பறவையாளர் 400, 600 மி.மீ. லென்ஸ்களை நாடுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது: கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை கலையும், முட்டை குளிரும், குஞ்சு பசியால் வாடும். அங்கே எட்ட நிற்பது மரியாதை. அதே லென்ஸை மனிதரை நோக்கித் திருப்பும்போது மரியாதை தலைகீழாகிறது. பறவையிடம் அனுமதி கேட்க இயலாது, மனிதரிடம் இயலும். 22 மீட்டருக்கு அப்பால் குளத்தில் துணி துவைக்கும் பெண்ணைச் சட்டகம் நிறைய எடுப்பவர், கேட்க முடிந்த அனுமதியைக் கேட்காமல் இருப்பதற்காகவே அந்தத் தூரத்தைத் தேர்ந்துகொள்கிறார். மனிதரைக் கூடாக நடத்துவது எனலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். அண்மையில் ஒரு கருத்தரங்கிலும் அதைக் கேட்டேன். "கேமராவைக் கண்டால் மக்கள் இயல்பு மாறிவிடுகிறார்கள், இயல்பைப் பதிவுசெய்ய மறைந்திருப்பதே வழி." மொழியியல் மாணவர்களுக்கு இந்த வாதம் பழகிய ஒன்று. நோக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அறிய வேண்டும், ஆனால் நோக்கித்தான் அறிய முடியும் என்ற இக்கட்டை லபோவ் நோக்கர் முரண் என்று பெயரிட்டு முன்வைத்தார். அதற்கு அவர் கண்ட வழி ஒளிந்திருந்து ஒலிப்பதிவு செய்வதன்று. உயிர் போய்விடும் என்று அஞ்சிய தருணம் ஒன்றைச் சொல்லுமாறு கேட்டார். சொல்பவர் கதையில் ஆழ்ந்து கருவியை மறந்தார். நேரம் செலவிட்டு ஈட்டிய இயல்பு அது. மறைமுக ஒலிப்பதிவை அறமற்றது என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். மறைமுக ஒளிப்பதிவுக்கு மட்டும் கலைப் பரிசு கொடுப்பது எந்த நியாயம்?

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. இந்தியாவில் ஆய்வு செய்பவர் அதை மறக்க இயலாது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த "இந்திய மக்கள்" என்னும் காலனியத் தொகுப்பு, மனிதர்களைப் பெரும்பாலும் சாதி, இனப் பெயர்களின் கீழ் வகைமாதிரிகளாக அடுக்கியது. 1869இல் லாம்ப்ரே என்பவர், இரண்டு அங்குலக் கட்டங்களாகப் பட்டுநூல் கட்டிய சட்டத்தின் முன் மனிதரை நிறுத்திப் படமெடுக்கும் முறையை முன்வைத்தார். 1890களில் அந்தமானில் போர்ட்மன் கட்டமிட்ட திரையின் முன் அந்தமானியரை நிறுத்தி எடுத்தார். இன்று அந்தமான் பெருவழிச் சாலையில் ஜாரவா மக்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். அந்நாளைய படங்களில் ஒரு செய்தி கண்ணில் உறுத்துகிறது. எதிரில் நிற்பவரின் உடல் அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்டது. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் அளவுக்கு உட்படவில்லை. காலனிய மானிடவியலைக் கண்டித்துக் கட்டுரை எழுதும் நம் தலைமுறையும், படமெடுத்தவர் நின்ற இடத்தை எழுதாமல் விடும்போது அதே வழக்கத்தைத் தொடர்கிறது.

இன்னொரு மறுப்பு: "இப்போது எல்லோரிடமும் செல்பேசிதான் இருக்கிறது, லென்ஸை மாற்றும் காலம் போய்விட்டது." மாற்றும் வேலை நம் கையிலிருந்து கருவியின் கைக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. இன்றைய பல செல்பேசிகளில் இரண்டு, மூன்று லென்ஸ்கள் உண்டு. முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ.க்கு இணையானது, அதாவது நாம் "சாதாரணப் படம்" என்று கருதுவதே அகலக்கோணப் படம். "2 மடங்கு" என்று தொட்டால் சில கருவிகளில் வேறு லென்ஸ் இயங்கும். சிலவற்றில் அதே படம் நடுவில் வெட்டப்படும். ஒளி குறைந்தால் கருவி தானே முடிவு செய்து லென்ஸை மாற்றிக்கொள்ளும். முகப்படத் தெரிவு பின்னணியைக் கணக்கிட்டு மங்கலாக்கும். முன்பு ஆய்வாளர் எடுத்த முடிவுகளை இப்போது மென்பொருள் எடுக்கிறது. ஆகவே பதிவுசெய்யும் கடமை கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை.

மூன்றாவது மறுப்பு என் நண்பர் வட்டத்திலிருந்து வருவது: "எண்களை எழுதிவிட்டால் உண்மை வந்துவிடுமா? இது பழைய புறவயவாதம்." வராது. ஆனால் நம் ஆய்வேடுகளில் ஆய்வாளரின் நிலைப்பாடு குறித்துப் பத்துப் பக்கம் எழுதுவது இன்று வழக்கம். சாதி, வர்க்கம், பாலினம், ஊர், கல்வி ஆகியவற்றால் நான் எங்கே நிற்கிறேன் என்று விரித்துரைக்கிறோம். அது தேவையானது. அப்படி எழுதும் ஒருவர், படமெடுத்தபோது தம் கால்கள் எங்கே நின்றன என்பதைச் சொல்ல ஒரு வரி ஒதுக்கத் தயங்குவது ஏன்? நிலைப்பாடு என்ற சொல்லில் நிலை இருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, படக்குறிப்பு. "படம் 7: 35 மி.மீ. (ஃபுல் ஃபிரேம்), ஏறத்தாழ 2 மீட்டர், வெட்டப்படவில்லை, ஒப்புதலுடன்." இவ்வளவு போதும். குவியத் தொலைவையும் துளை அளவையும் கேமராவும் செல்பேசியும் படக்கோப்புக்குள் தாமே எழுதிவைக்கின்றன. தூரத்தை மட்டும் நாம் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும் என்பதால் மூலக்கோப்பைத் தனியே சேமிக்க வேண்டும். ஜூம் லென்ஸ் வைத்திருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: 18-55 என்பது லென்ஸின் பெயர், படம் எடுக்கப்பட்ட எண் அதற்குள் எங்கோ இருக்கிறது.

இரண்டாவது, துறைகளின் கொள்முதல். கருவிக்கு நல்கை வரும்போது, தொலைவை எட்டும் பெரிய ஜூம் லென்ஸே முதலில் பட்டியலில் ஏறுவதைப் பார்க்கிறேன். பார்வைக்கு அது கம்பீரமாக இருக்கிறது. மனிதரோடு பணியாற்றும் துறைக்கு 35 அல்லது 50 மி.மீ. ஒற்றைக் குவிய லென்ஸ் ஒன்றும், சுவடிக்கும் பொருளுக்கும் ஒரு மேக்ரோவும், ஓர் உறுதியான தாங்கியும் முதலில் வேண்டும். சைகைமொழிக்கும் உச்சரிப்புக்கும் 85 மி.மீ. ஒன்று. தொலைவுக்கான லென்ஸ் அதன் பின்னர், உரிய காரணத்தோடு வரட்டும்.

மூன்றாவது, பாடத்திட்டம். களப்பணி முறையியல் தாளில் ஒலிப்பதிவுக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்பங்கை ஒளிப்பதிவுக்கு ஒதுக்கலாம். ஒரே தெருவை, ஒரே மனிதரை, மூன்று தூரங்களிலிருந்து எடுத்துவரச் சொல்லி, படங்களை மட்டும் பார்த்து விளக்கம் எழுதச் செய்தால் ஒரே பிற்பகலில் பாடம் விளங்கிவிடும்.

நான்காவது, மனிதரைப் படமெடுப்பதற்குரிய தூரம். இதற்கு நம் மொழியிலேயே ஓர் அளவை இருக்கிறது: கூப்பிடு தூரம். கூப்பிட்டால் காது கேட்கும் தூரம் என்பது வழக்கமான பொருள். களப்பணிக்கு அதை இன்னும் சுருக்கிக்கொள்ளலாம். குரலை உயர்த்தாமல் "எடுக்கலாமா?" என்று கேட்கவும், "வேண்டாம்" என்று அவர் சொல்வது நம் காதில் விழவும் போதுமான தூரம். மேலே சொன்ன கணக்கின்படி 35, 50, 85 மி.மீ. லென்ஸ்கள் அந்த எல்லைக்குள் அடங்கும், 200 மி.மீ. அதன் விளிம்பில் நிற்கும், 400 மி.மீ. வெளியே போய்விடும். போராட்டத்தையும் காவல் துறை வன்முறையையும் பதிவுசெய்யும் பத்திரிகையாளருக்கு இந்த எல்லை பொருந்தாது. அங்கே தூரம் உயிர் காப்பது. ஆய்வாளராகிய நாம் ஊருக்குள் செல்வது மக்களோடு பேசுவதற்காக. பேச முடியாத தூரத்திலிருந்து எடுத்த மனிதப் படம் ஒன்று நம் ஆய்வேட்டில் இருக்குமானால், அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கான விடையை அடுத்த வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாற்றுக்கருத்து உடையோர் பின்னூட்டத்தில் எழுதலாம். தங்கள் துறையில் படக்குறிப்புக்கு ஏதேனும் நெறி ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால் அதையும் பகிர வேண்டுகிறேன். தொகுத்து ஒரு பொது வரைவாக்கித் துறைகளின் பார்வைக்கு அனுப்பலாம்.